விக்கிரவாண்டியில் மணி மூன்றேகால்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. சுவரில் தொங்கிய பெண்டுலக் கடிகாரம் ஊர் நேரத்தைக் காட்டும். அதற்குக் கீழே பலகையில், தலையில் இரண்டு கிண்ணி மணி வைத்த சாவிக் கடிகாரம் ஒன்று இருந்தது. அது எந்நேரமும் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கெட்டுப்போச்சா?" என்று கேட்பார்கள். "இல்ல, அது அப்பா மணி" என்று சொல்லுவேன்.

மன்னார்குடிப் பக்கம், பாமணி ஆற்றுத் தண்ணீரில் விளைகிற சின்ன ஊர் எங்களுடையது. அந்த வட்டாரத்தில் தெருவுக்கு நாலு வீட்டு ஆம்பிளை சிங்கப்பூரில் இருப்பார். என் தாத்தா 1938-ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். செம்பவாங்கில் வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். 1971-ல் வெள்ளைக்காரன் தளத்தை விட்டுக் கிளம்பியபோது தாத்தாவும் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பின்னால் போயிருந்த அப்பா அங்கேயே தங்கி, ஒரு கப்பல் பட்டறையில் வெல்டரானார். தாத்தா கொண்டுவந்த சாமான்களில் ஒன்று அந்தச் சாவிக் கடிகாரம். கப்பல் மேற்கே வரவர, கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லி அறிவிப்பார்களாம். கப்பலில் எல்லாரும் தள்ளி வைத்தார்கள். தாத்தா வைக்கவில்லை. "எம்புள்ள அங்கதானே இருக்கான், அவன் மணி ஒன்னு வீட்டுல இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்பார்.

அம்மாவுக்கு அந்தக் கடிகாரம்தான் பஞ்சாங்கம். பொழுது சாய்ந்து விளக்கேற்றிவிட்டு அதைத் திரும்பிப் பார்ப்பாள். எங்களுக்கு ஆறரை என்றால் அதில் எட்டரை. "குளிச்சிட்டு உலை வச்சிருப்பாரு" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வாள். ராத்திரி எங்களுக்குச் சோறு போடும்போது அதில் பத்து மணி தாண்டியிருக்கும். "தூங்கியிருப்பாரு" என்பாள். அதற்குப் பிறகு கூடத்தில் சத்தம் போட்டுப் பேசினால்கூட அவளுக்குப் பிடிக்காது. கடல் தாண்டித் தூங்குகிறவருக்கு நம் பேச்சு கேட்கவா போகிறது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை. நானும் குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது எனக்கு ஒரு தேசப்படப் புத்தகம் கிடைத்தது. ஆசியாப் படத்தில் மெட்ராஸையும் சிங்கப்பூரையும் தேடிக் கண்டுபிடித்து, அப்பாயியின் தையல் டப்பாவிலிருந்து ஒரு நூலை எடுத்து இரண்டு புள்ளிக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். பிறகு அந்த நூலை அடிக்கோலில் வைத்தேன். பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சென்டிமீட்டருக்கு 250 கிலோமீட்டர் என்று படத்தின் ஓரத்தில் போட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தால் 2,900 சொச்சம் வந்தது. நூலின் அந்த நீளத்தை மட்டும் கத்தரித்து, கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அப்பா என்னைவிட்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று விரலால் தடவிப் பார்க்க முடிந்தது. பிற்பாடு சரியான கணக்கைத் தேடிப் பார்த்தேன். மீனம்பாக்கத்திலிருந்து சாங்கிக்கு நேர்கோட்டில் சுமார் 2,920 கிலோமீட்டர். ஐந்தாம் வகுப்புப் பையனின் நூல் பொய் சொல்லவில்லை. பூமி உருண்டையைத் தட்டைத் தாளில் போட்டால் தூரம் பிசகும். ஆனால் அந்தப் பிசகு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குறைவு, துருவங்களை நெருங்க நெருங்கத்தான் பெரிதாகும். லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ நூல் பிடித்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

தூரம் தெரிந்ததும் நேரம் தெரிய வேண்டுமே. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அப்பாவின் பழைய விமான டிக்கெட்டுகள் இருந்தன. மெல்லிய தாள், அடிப்பக்கம் சிவப்பாக மை ஒட்டியிருக்கும், தொட்டால் விரல் சிவக்கும். போகிற டிக்கெட்டில் ராத்திரி 11.15-க்குக் கிளம்பி விடியற்காலை 5.15-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தது. ஆறு மணி நேரம். வருகிற டிக்கெட்டில் ராத்திரி 8.30-க்குக் கிளம்பி 10.30-க்கு இறங்குகிறது. இரண்டு மணி நேரம். ஒரே வானம், ஒரே தூரம், போக ஆறு, வர இரண்டு! வீட்டுக்கு வருகிற அவசரத்தில் அப்பாவின் விமானம் வேகமாக ஓடிவருகிறது என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

தாத்தாவிடம் டிக்கெட்டுகளைக் காட்டினேன். அவர் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "ரெண்டையும் கூட்டு."

"எட்டு."

"பாதி பண்ணு."

"நாலு."

"அதுதான் வானத்துல இருக்குற நேரம். இப்ப பெருசுல சின்னதக் கழி, அதயும் பாதி பண்ணு."

ஆறில் இரண்டு போனால் நாலு, பாதி இரண்டு. அந்த இரண்டு, பலகையில் இருக்கிற கடிகாரம் முன்னால் ஓடுகிற இரண்டு. எத்தனையோ வருஷம் கணக்குப் படித்தேன், அந்தத் திண்ணையில் பிரமித்ததுபோல எங்கும் பிரமித்ததில்லை. போகவும் வரவும் வானத்தில் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகிற எந்தப் பயணத்துக்கும் இந்த வழி இன்றைக்கும் பொருந்தும்.

ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். 2,900-ஐ 900-ஆல் வகுத்தால் மூன்றேகால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட்டோ நாலு என்கிறது. அந்த முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று? இதற்குத் தாத்தாவிடம் பதில் இல்லை. வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். விமானக் கம்பெனிகள் சொல்கிற பயண நேரம், நிற்கிற இடத்தில் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கட்டையை எடுப்பதில் தொடங்கி, போன இடத்தில் மறுபடி கட்டை வைப்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, உயரே ஏறுவது, வானத்தில் போட்டிருக்கிற பாதையை ஒட்டி வளைந்து போவது, இறங்க முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

1981-ல் தீபாவளிக்கு வந்த அப்பா திரும்பிப் போனபோது என்னையும் மீனம்பாக்கத்துக்கு அழைத்துப் போனார்கள். அதுவரை வழியனுப்பப் பெரியவர்கள் மட்டும் போவார்கள். முதல் நாளே பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிட்டது. 20 கிலோவுக்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்கள். அதிரசம், கைமுறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், சுண்டைக்காய் வற்றல் என்று அம்மா வைத்துக்கொண்டே இருந்தாள். பெட்டியை மளிகைக் கடைக்குத் தூக்கிப் போய்த் தராசில் ஏற்றினால் 23 கிலோ. திரும்ப வந்து, அப்பா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஊறுகாய் ஜாடியை எடுக்கப் போனபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா இரண்டு சட்டையையும் ஒரு ஜோடி செருப்பையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

வாடகை அம்பாசிடரில் டிரைவரோடு எட்டுப் பேர். ஐப்பசி அடைமழை. கும்பகோணம் தாண்டி, அணைக்கரையில் அந்தக் குறுகலான பாலத்தில் எதிரே லாரிகள் வரிசை கட்டி வர, முக்கால் மணி நேரம் நின்றோம். கொள்ளிடம் இரு கரையும் தொட்டு, செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சேத்தியாத்தோப்பு, நெய்வேலி, பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டு. காலை ஒன்பது மணிக்கு ஏறியவர்கள் மீனம்பாக்கம் போய்ச் சேர இரவு ஏழு மணியாகிவிட்டது. 300 கிலோமீட்டர் சொச்சத்துக்குப் பத்து மணி நேரம்.

அப்பா உள்ளே போனதை நான் சரியாகப் பார்க்கவில்லை. கூட்டத்தில் பெரியவர்களின் இடுப்புதான் தெரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய நீலச் சட்டை ஒருமுறை திரும்பியது. அம்மா அழவில்லை. அழுதால் போகிறவருக்கு ஆகாது என்று அப்பாயி கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். பிறகு நாங்கள் வெளியே வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் திரிசூலம் மலை இருட்டாகத் தெரிகிற இடத்தில் நின்றோம். எந்த விமானம் அப்பாவுடையது என்று தெரியாததால் கிளம்பிய ஒவ்வொன்றுக்கும் கை காட்டினோம். பதினொன்றேகாலுக்குப் பிறகு ஒன்று பெருஞ்சத்தத்தோடு ஏறியது. தாத்தா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இதுதான்" என்றார். சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கி மினுக்கி மேகத்துக்குள் போயிற்று.

திரும்பும் வழியில் நான் தூங்கிவிட்டேன். கார் நின்ற குலுக்கலில் விழித்தபோது ஒரு டீக்கடை வாசல். பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றி ஈசல். விக்கிரவாண்டி என்றார் டிரைவர். தாத்தா டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி மூணேகால். எறங்கியிருப்பான்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. அப்பா 2,900 கிலோமீட்டர் கடலையும் காட்டையும் தாண்டி இறங்கிவிட்டார். நாங்கள் இன்னும் விக்கிரவாண்டியில் நிற்கிறோம். வீட்டுக்குப் பாதி வழிகூட வரவில்லை. நூலையும் அடிக்கோலையும் வைத்துக்கொண்டு நான் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் அந்த ஈசல் வெளிச்சத்தில் நின்று பார்த்தபோது போதாததாகத் தெரிந்தது. ஏன் என்று சொல்ல வார்த்தை கிடைக்க எனக்கு இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று.

அப்பா அந்தத் தடவை இறங்கியது புது விமான நிலையத்தில். அந்த வருஷம் ஜூலை 1-ல்தான் சாங்கியைத் திறந்திருந்தார்கள். அதற்கு முன்னால் பாய லேபார். தரையெல்லாம் கண்ணாடிபோல் இருக்கிறது, செருப்போடு நடக்கவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அடுத்த கடிதம் பொங்கலையொட்டி வந்தது. நீல ஏரோகிராமைக் கத்தியால் மூன்று பக்கமும் பதமாகக் கீறி, நான்தான் சத்தமாக வாசித்தேன். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து கடைசியில் நாலு வரி: புது வருஷத்திலிருந்து இங்கே மணியை அரை மணி நேரம் கூட்டிவிட்டார்கள். 31-ஆம் தேதி ராத்திரி பதினொன்றரையைப் பன்னிரண்டாக்கிவிட்டார்கள். நம் வீட்டுக் கடிகாரத்தை மாற்றி வைக்கவும்.

மலேசியா தன் மேற்குப் பகுதியையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. கொடுக்கல் வாங்கலும் போக்குவரத்தும் பின்னிக் கிடக்கிற சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. இந்த விவரமெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? அம்மா கடிதத்தை வாங்கி அந்த வரிகளை இன்னொருமுறை தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இன்னும் அரை மணி தள்ளிப் போயிட்டாரு" என்றாள். தாத்தாதான் தேற்றினார். "ஜப்பான்காரன் புடிச்சப்ப ஒன்றரை மணி நேரத்தக் கூட்டி, தோக்கியோ மணிதான் இங்கயும்னுட்டான். அவன் போனதும் பழையபடி ஆச்சு. இது அரை மணிதானே ஆத்தா." பிறகு என்னைக் கூப்பிட்டு, சாவிக் கடிகாரத்தின் முதுகில் இருந்த குமிழைத் திருப்பச் சொன்னார். "முன்னாலதான் திருப்பணும். பின்னால திருப்புனா அலாரம் கெட்டுப்போகும்." பெரிய முள் அரை வட்டம் சுற்றியது. அன்றிலிருந்து அப்பா இரண்டரை மணி நேரம்.

அரை மணி கூடினால் அங்கே சூரியனும் முன்னாலேயே வந்துவிடுமா என்று வகுப்பில் கேட்டேன். எங்கள் சார் உலக உருண்டையை மேஜையில் வைத்து, ஜன்னல் வெயிலில் திருப்பிக் காட்டினார். ஒரு பாகை திரும்ப நாலு நிமிஷம். மெட்ராஸ் 80 பாகையை ஒட்டி, சிங்கப்பூர் 104-ஐ ஒட்டி. இடையில் 24 பாகை, 96 நிமிஷம். சூரியன் கணக்குப்படி உங்கப்பாவுக்கும் உனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், மீதி மனுஷன் வைத்துக்கொண்டது என்றார். இப்போது அவர்கள் கடிகாரம் 120 பாகைக்கு உரியது, அது பிலிப்பைன்ஸ் மேலே ஓடுகிற கோடு என்று விரல் வைத்துக் காட்டினார். அதனால்தான் சிங்கப்பூரில் வருஷம் பூராவும் காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. "இருட்டோடு வேலைக்குக் கிளம்புகிறேன்" என்று அப்பா எழுதியதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதே உருண்டையில் சார் இன்னொன்றும் காட்டினார். விமானம் போகிற வழியில் நிக்கோபார். அதைத் தாண்டினால் சுமத்ராவின் வடமுனையும் மலாக்கா ஜலசந்தியும். ஜலசந்திக்கு அந்தக் கரையில் கெடா. மாநக்கவாரம், இலாமுரி தேசம், கடாரம் என்று 1025-ஐ ஒட்டி ராசேந்திர சோழன் படை போன இடங்களாக அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிற ஊர்கள் இவைதான் என்றார். தாத்தாவிடம் வந்து சொன்னேன். அவருக்கு ராசாவைவிட ரஜூலாதான் பெரிது. 1926-ல் கட்டிய கப்பல், எத்தனை ஆயிரம் பேரை ஏற்றியது தெரியுமா என்று ஆரம்பிப்பார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, படகில் போய், ஆடுகிற ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் வீடு. பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், அப்புறம் சிங்கப்பூர். ஏழெட்டு நாள். "எட்டு நாளும் மெல்ல மெல்ல ஊர மறந்துகிட்டே போவோம். ஒங்கப்பன் பாவம், நாலு மணி நேரத்துல எப்படி மறப்பான்?" என்று ஒருநாள் சொன்னார்.

1984 ஆடியில் தாத்தா போய்விட்டார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. சித்தப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு மன்னார்குடிக்குப் போய்த் தந்தி கொடுத்தார். வாசலில் பந்தல் போட்டு, பறை கொட்டி, சொந்தமெல்லாம் வந்து சேர்ந்தது. கூடத்தில் தாத்தாவைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நேர்மேலே இரண்டு கடிகாரங்களும். "பெரியவன் வந்துருவான்டா, நாலு மணி நேரந்தானே, வந்துருவான்டா" என்று அப்பாயி யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டி எங்கள் பக்கம் வராத காலம். ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். மறுநாள் மதியத்துக்கு மேல் வைக்க முடியாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, சித்தப்பாவையே கொள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அப்பா வந்தது ஐந்தாம் நாள். தந்தி மறுநாள் சாயங்காலம்தான் அவர் கைக்குப் போயிருக்கிறது. லீவு வாங்க ஒரு நாள். விமானத்தில் இடம் கிடைக்க ஒரு நாள். மீனம்பாக்கத்தில் இறங்கியபோது நள்ளிரவு. பஸ் பிடித்து, மாறி மாறி வந்து, மதியம் தெருமுனையில் இறங்கி நடந்து வந்தார். ஆடி மாதத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. அதைப் பற்றி பி. கோட்டீஸ்வரம் என்ற நம் வானிலை அறிஞர் 1958-ல் விரிவாக எழுதினார். விமானம் பறக்கிற உயரத்தில் அந்தக் காற்றின் அடிப்பகுதிதான் படும். அது அப்பாவின் விமானத்துக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்திருக்கும். ஒரு பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். வானம் தன் பங்கைச் செய்திருக்கிறது. நாலு நாளும் தரையில் போனவை.

அப்பா கூடத்துக்குள் வந்ததும் யாரையும் பார்க்கவில்லை, வெறும் தரையைப் பார்த்தார். அப்புறம் பலகையைப் பார்த்தார். துக்கத்தில் யாரும் சாவி கொடுக்காததால் அவருடைய கடிகாரம் நின்றுபோயிருந்தது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, முள்ளைச் சரிசெய்து, சாவி கொடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் அழுதார். அவர் கையில் இருந்தது இன்னும் சிங்கப்பூர் நேரம். மாற்ற மறந்து வந்திருக்கிறார்.

மறுவருஷம் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. நாகப்பட்டினத்துக்காரர்கள் நம்பியிருந்த அந்தப் பயணிகள் கப்பல் அதோடு நின்றது. எங்கள் வட்டாரத்துக்கு இப்போது திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு விமானம் இருக்கிறது. சுமார் 2,980 கிலோமீட்டர். இப்போதும் நாலு மணி நேரத்தை ஒட்டித்தான். இந்த நாற்பது வருஷத்தில் விமானங்கள் ஒன்றும் பெரிதாக வேகம் கூட்டிவிடவில்லை. தந்தி போய்க் கைப்பேசி வந்ததும், டிக்கெட் உடனே கிடைப்பதும், ஐஸ் பெட்டியும்தான் பயணத்தைச் சுருக்கியிருக்கின்றன. அப்பா, அம்மா, தாத்தா என்று யாராவது காத்திருக்கிற வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

1996-ல் அப்பா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். பெட்டிகளை இறக்கி, வந்தவர்களெல்லாம் போன பிறகு, ராத்திரி அம்மா பலகையிலிருந்து அந்தச் சாவிக் கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டரை மணி நேரம் குறைக்க வேண்டும். பின்னால் திருப்பினால் அலாரம் கெட்டுப்போகும் என்று தாத்தா சொன்னது அவளுக்கும் ஞாபகம் இருந்தது. அதனால் குமிழை முன்னாலேயே திருப்பி, ஒன்பதரை மணி நேரம் சுற்றி, எங்கள் ஊர் நேரத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள்.